மூடுபனிக்குப் பின்னால் ஒன்றுமில்லை

கார் விபத்தில் மயங்கிய ஒரு தகப்பன் கண் விழிக்கிறான். பக்கத்து இருக்கையில் இருந்த மகளைக் காணவில்லை. அறிமுகமில்லாத ஊருக்குள் இறங்கித் தேடுகிறான். பருவம் தப்பிப் பனி விழுகிறது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி தெருவெங்கும் மூடுபனி. சற்று முன்னால் ஒரு சிறு உருவம் நடப்பதுபோல் இருக்கிறது, பின்னால் ஓடினால் கரைந்துவிடுகிறது. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிக்காகக் கொனாமி நிறுவனம் 1999இல் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' என்ற வீடியோ கேம் இப்படித்தான் தொடங்கும். அன்று விளையாடியவர்களிடம் கதையைக் கேட்டால் பாதி மறந்திருப்பார்கள். அந்த மூடுபனியை மட்டும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இயந்திரத்தால் ஊரை வரைய முடியவில்லை என்பதால் வந்த பனி அது.

முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 எம்பி. குறுந்தகட்டிலிருந்து அது தரவைப் படிக்கும் வேகம், நல்ல நாளில், நொடிக்கு 300 கேபி. இதே பெட்டிக்காக 1996இல் 'ரெசிடென்ட் ஈவில்' செய்த கேப்காம் ஒரு தந்திரம் செய்தது. மாளிகையின் ஒவ்வோர் அறையையும் முன்கூட்டியே வரைந்து, அசையாத படமாகப் பின்னணியில் ஒட்டிவிட்டது. இயந்திரம் மனிதர்களையும் நடமாடும் பிணங்களையும் மட்டும் முப்பரிமாணத்தில் வரைந்தால் போதும். சைலன்ட் ஹில் குழுவுக்கு அந்த வசதி இல்லை. ஆட்டக்காரர் தெருத் தெருவாக இஷ்டத்துக்கு ஓடுவார், கேமராவும் கூடவே ஓடும். அவர் ஓட ஓட, அடுத்த கட்டடத்தைத் தகட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து, முக்கோணம் முக்கோணமாக வரைந்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வீடுகள் கண்ணெதிரே வெறும் நிலத்திலிருந்து காளான்போல் முளைக்கும். எனவே சில அடிகளுக்கு அப்பால் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் கரைத்துவிட்டார்கள். சாம்பலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பயந்தவர்கள் பயந்தது அந்த ஒன்றுமில்லாமைக்குத்தான்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள் அல்லர். இரண்டு ஆண்டுகள் முன்பே, போட்டிப் பெட்டியான நின்டெண்டோ 64க்கு வந்த 'டுராக்' என்ற டைனோசர் வேட்டை விளையாட்டு முழுக்கப் பனியில்தான் நடந்தது. அதற்காகவே கேலியும் வாங்கிக்கட்டிக்கொண்டது. சைலன்ட் ஹில் வெளிவந்த அதே 1999இல் வந்த சூப்பர்மேன் விளையாட்டு இன்னும் வேடிக்கை. ஊருக்கு மேலே பறப்பவன், சுவருக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கும் கண்ணுடையவன். அவன் நகரத்தின் மீது பறக்கும்போது எதிரே இருக்கும் கட்டடம் தெரியாது. ஏன் என்று கேட்டால் கதையிலேயே ஒரு சாக்கு வைத்திருந்தார்கள்: வில்லன் பரப்பிய கிரிப்டோனைட் பனியாம். ஒருவரும் நம்பவில்லை. எல்லாக் காலத்துக்குமான மோசமான விளையாட்டுகளின் பட்டியல் எதை எடுத்தாலும் அந்த விளையாட்டு அதில் இருக்கும்.

ஆக, குறையை மறைக்கக் கதையில் ஒரு காரணம் சொல்லிவிட்டால் போதாது. குறையை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. சைலன்ட் ஹில்லில் உங்கள் சட்டைப்பையில் ஒரு பழுதான சிறு ரேடியோ இருக்கும். அரக்கன் எதுவும் நெருங்கினால் அது இரையத் தொடங்கும். எங்கிருந்து வருகிறது என்று ரேடியோ சொல்லாது, பனியோ காட்டாது. காதுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்தாறு நொடிகளில்தான் மொத்த விளையாட்டும் இருக்கிறது. பனி இல்லையென்றால் அந்த ரேடியோவுக்கு வேலையே இல்லை. டுராக்கில் பனியை எடுத்துவிட்டால் விளையாட்டு மேம்படும். இங்கே எடுத்துவிட்டால் விளையாட்டு செத்துவிடும்.

எடுத்தும் பார்த்தார்கள், ஆனால் உடனே அல்ல. 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த இரண்டாம் பாகத்தில் நினைவகம் 32 எம்பி ஆகியிருந்தது. பனி மட்டும் இன்னும் அடர்த்தியாக, சுருள் சுருளாக, வேண்டுமென்றே வரையப்பட்டதாக இருந்தது. முதலில் கட்டாயம், அடுத்தது விருப்பம். பிறகு 2012இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களைப் புதிய டிவிகளுக்காகத் துலக்கி 'எச்டி கலெக்‌ஷன்' என்று வெளியிட்டார்கள். முதல் பதிப்பின் இறுதி மூலநிரல் கொனாமியிடமே இல்லை, அரைகுறை நிரலை வைத்துத்தான் வேலை நடந்தது என்று பின்னர் தெரியவந்தது. விளைவு: பனி பல இடங்களில் மெலிந்துபோனது. ஏரியின் நீர்ப்பரப்பு ஒரு நேர்கோட்டில் அறுந்து நிற்பது பளிச்சென்று தெரிந்தது. பாழடைந்த ஊராக இருந்தது, வேலை நிறுத்தப்பட்ட கட்டுமானத் தளம்போல் ஆகிவிட்டது.

அதிலிருந்து யாரும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2021 நவம்பரில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' முப்பாகங்களின் புதுப்பதிப்பு வந்தது. அதில் ஒன்றான 'சான் ஆண்ட்ரியாஸ்' 2004இல் வந்தபோது, ஒரு மாநிலத்தையே வலம்வரும் உணர்வைத் தந்தது. ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது வெளியூர்ப் பயணமாகவே இருந்தது. புதுப்பதிப்பில் தூரத்துப் புழுதிமூட்டத்தை நீக்கிவிட்டார்கள். மலையுச்சியில் ஏறி நின்றால் மூன்று நகரங்களும் பாலைவனமும் ஒரே பார்வையில் தெரிகின்றன, ஒரு பெரிய அரசுக் கல்லூரி வளாகம் அளவுக்கு. வரைபடம் ஓர் அங்குலம்கூடச் சுருங்கவில்லை. ஆனாலும் ஊர் சிறுத்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், பழைய ஒளியமைப்பை மறுபடி சேர்த்துத் திருத்தம் வெளியிட்டார்கள்.

பழைய விளையாட்டுகள் ஏன் நன்றாக இருந்தன என்று கேட்டால் பலரும் தயாராக வைத்திருக்கும் விடை, "அப்போது நாம் சின்னப் பிள்ளைகள்" என்பது. அதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. பழைய விளையாட்டு என்பது இயந்திரத்தோடு ஒரு மனிதன் செய்துகொண்ட சமரசம். எதை வரைவது, எதை விடுவது என்று ஒவ்வொரு பைட்டுக்கும் அவன் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளின் மொத்தம்தான் நம் கைக்கு வந்தது.

என் தலைமுறையில் இங்கே பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது அசல் இயந்திரமே அல்ல. நின்டெண்டோ ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு விற்கத் தொடங்கிய ஃபேமிகாமின் நகல் பெட்டிகள், தொண்ணூறுகளில் நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பல பெயர்களில் குவிந்து கிடந்தன. எங்கள் வீட்டில் அதற்கு 'டிவி கேம்' என்று பெயர். கேசட் மஞ்சள் நிறம். மேலே '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். பட்டியலில் முதல் பத்திருபது வரியோடு சரக்கு தீர்ந்துவிடும். அதற்குமேல் அதே மாரியோ வேறு பெயரில், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவார். அதே பீரங்கி வண்டிச் சண்டை வேறு பெயரில் வரும். 9999 வரை அம்புக்குறியை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் நான் இதை நம்பினேன். வேலை செய்யாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதியதால் பயன் எதுவும் கிடையாது, எச்சிலின் ஈரம் உலோகப் பற்களுக்குக் கேடு. கழற்றி மறுபடி செருகியதுதான் அதைப் பிழைக்க வைத்தது. இதைச் சொன்னால் இன்றும் என் வயதுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கேபி. செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். திரையில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் மறைந்துவிடும். அப்படி ஒரேயடியாக மறையாமல் இருக்க, எந்தத் துண்டை விடுவது என்பதை நிரலாளர்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றிவைத்தார்கள். எதிரிகள் கூட்டமாக வரும்போது எல்லோரும் மினுக் மினுக்கென்று மின்னியது அதனால்தான். நாங்கள் அதை டிவியின் கோளாறு என்று நினைத்து, தலையில் இரண்டு தட்டு தட்டுவோம்.

1985 செப்டம்பரில் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தம் 40 கேபி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைவிட ஐம்பது மடங்கு, நூறு மடங்கு பெரியது. இடம் போதாமல், வானத்து மேகத்தையும் தரையில் உள்ள புதரையும் ஒரே படத்தால் செய்தார்கள். மேலே வெள்ளை, கீழே பச்சை. இவ்வளவு சிக்கனத்தில் ஆட்டவிதியைச் சொல்லித்தரப் பக்கம் பக்கமாக எழுத்துப் போட முடியுமா? முடியாது. ஆகவே அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவின் குழு முதல் திரையையே வாத்தியாராக்கியது. மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறார். வலது பக்கம் முழுக்கக் காலி. போக வேண்டிய திசை தெரிந்துவிட்டது. எதிரே காளான் வடிவில் முறைத்துக்கொண்டு ஓர் எதிரி வருகிறான். தொட்டால் சாவு, குதித்தால் பிழைப்பு. செத்தாலும் நட்டமில்லை, ஆட்டம் இப்போதுதான் தொடங்கியது. அடுத்து, கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளியே வருகிறது. சற்றுமுன் கொன்றவனின் சாயலில் இருப்பதால் புதியவர் ஓடப் பார்ப்பார். அது வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி, நேராக அவரிடமே வரும். பதறிக் குதித்தால் மேலே உள்ள செங்கல் தலையில் இடித்து, காளான் மீதே விழ வைக்கும். விழுந்ததும் மாரியோ பெரிதாகிறார். நல்லது கெட்டது இரண்டையும் ஒரு சொல்கூட இல்லாமல், சுமார் பத்து நொடியில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இன்று வரும் பெரிய விளையாட்டுகளில் முதல் அரை மணி நேரம் திரையின் ஓரத்தில் குறிப்புச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு அவற்றைப் படிக்கும் பொறுமை இல்லை. படிக்காமல் போனால் பிறகு எந்தப் பட்டன் எதற்கு என்றும் தெரிவதில்லை.

பழையவை கடினமாக இருந்ததற்கும் இடப்பற்றாக்குறை ஒரு காரணம். சிறிய விளையாட்டை அரை மணியில் முடித்துவிட்டால் காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? மறுபடி மறுபடி சாகவைத்தால்தான் அது ஒரு கோடை விடுமுறைக்குத் தாங்கும். செய்தவர்களுக்கே அது தாங்கவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 'கிரேடியஸ்' விளையாட்டை 1986இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, அதைச் சோதிக்க வேண்டிய கஸுஹிஸா ஹாஷிமோட்டோவால் தான் செய்த விளையாட்டையே கடைசிவரை ஆட முடியவில்லை. தன் வசதிக்காக ஒரு குறுக்குவழியை நிரலில் வைத்தார்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. எடுக்க மறந்து அப்படியே விற்பனைக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு வந்த 'கான்ட்ரா'வில் அதை அடித்தால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது. வாய்ப்பாடு தப்பினாலும் இந்த வரிசை தப்பாத பிள்ளைகள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

இவ்வளவு சொன்னதால் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்கள் அந்த விளையாட்டுகளை அண்மையில் ஆடிப் பார்க்காதவர்கள். முப்பது எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைத்து, ஓர் எழுத்துத் தப்பினால் இரண்டு நாள் உழைப்பை இழந்ததில் எந்த அழகும் இல்லை. முதல் ரெசிடென்ட் ஈவில்லில் மனிதனைத் திருப்புவது லாரியை ரிவர்ஸ் எடுப்பதுபோல் இருக்கும். நின்டெண்டோ 64 காலத்து முப்பரிமாண விளையாட்டுகளில் பாதியில் முதல் எதிரி கேமராதான். நீங்கள் விளிம்பில் நிற்கும்போது அது சுவருக்குள் புகுந்துகொள்ளும். இவையெல்லாம் தீர்ந்த வியாதிகள், திரும்பி வர வேண்டாம். கதவு திறக்கும் காட்சி மட்டும் போனது எனக்கு வருத்தம். ரெசிடென்ட் ஈவில்லில் ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் கறுப்புத் திரையில் ஒரு கதவு மெல்ல, கிரீச்சென்று திறக்கும். தகட்டிலிருந்து அடுத்த அறை வந்துசேரும்வரை நம்மைக் காக்கவைக்கும் ஏற்பாடு அது. காத்திருந்தபோது வயிறு என்ன செய்தது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 தன் சேமிப்பகத்திலிருந்து நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். அந்தப் பழைய 300 கேபியோடு வகுத்துப் பார்த்தால் பதினெட்டாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது. ஆக, கதவு வேண்டாம், பனியும் வேண்டாம். அதற்கு முந்தைய தலைமுறையின் தந்திரங்களும் காலாவதியாகிவிட்டன. 2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' ஆடியவர்களுக்கு நினைவிருக்கும்: அந்த மலைபோன்ற உடம்புக்காரர் அடிக்கடி ஏதாவது ஒரு பாறை இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்து நெளிந்து நெளிந்து போவார். அவர் நெளியும் நேரத்தில் அந்தப் பக்கத்து நிலப்பரப்பு ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கை நான் விரும்பினேன் என்று சொன்னால் பொய். ரேடியோவும் பனியும்போல் அது எதனோடும் சேரவில்லை. காத்திருப்பை மறைத்தது, அவ்வளவுதான்.

இயந்திரம் "முடியாது" என்று சொல்வதை நிறுத்திவிட்ட பிறகு, "வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார். புதியவற்றில் எனக்குப் பிடித்தவை எல்லாம் அந்த ஆள் இருக்கிற விளையாட்டுகள். 2017இல் வந்த 'ஜெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' நல்ல உதாரணம். கண்ணுக்குத் தெரியும் மலை எதிலும் ஏறலாம். ஆனால் மழை பெய்தால் கை வழுக்கும். வாள் நாலு அடியில் உடைந்துவிடும். இந்த இரண்டைப் பற்றியும் இணையத்தில் எழுந்த புலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. வாள் உடையாவிட்டால் முதல் நல்ல வாளோடு ஆட்டம் முடிந்துபோகும். கல்லை உருட்டி, புல்லில் தீ வைத்து, எதிரியின் தடியைப் பிடுங்கி அடிக்க யாருக்குத் தோன்றும்? நெருப்பும் காற்றும் மரமும் ஒன்றோடொன்று எப்படி வினைபுரிய வேண்டும் என்று சோதிக்க, நின்டெண்டோ குழு முதலில் 1986ஆம் ஆண்டு ஜெல்டாவின் தட்டையான படங்களை வைத்தே ஒரு மாதிரி செய்து பார்த்தது. அடுத்த ஆண்டுகளின் பெரிய விளையாட்டுகள் பலவும் நகலெடுத்த ஒன்று, முப்பது வயதான படத்தில் ஒத்திகை பார்க்கப்பட்டது.

எல்லா நிறுவனங்களாலும் இப்படித் துணிய முடிவதில்லை. ஏன் என்பதற்கு ஒரு நீதிமன்றக் காகிதம் விடை சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்து அமெரிக்க வணிக ஆணையம் தொடர்ந்த வழக்கில், 2023 ஜூனில் சோனி தரப்பு ஆவணங்கள் தாக்கலாயின. ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மைக்குப் பின்னால் எண்கள் தெரிந்துவிட்டன. (இங்கே பனி விலகியதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.) 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்கு 21.2 கோடி, ஐந்து ஆண்டுகள், உச்சக்கட்டத்தில் 300 பேர்.

22 கோடி டாலரை 60 டாலர் விலையால் வகுத்தால் 37 லட்சம் பிரதிகள் ஆகின்றன. கடைக்காரருக்கும் மற்றவருக்கும் ஒரு காசுகூடப் போகாது என்று வைத்துக்கொண்டாலும் அவ்வளவு விற்ற பிறகுதான் முதல் தேறும். இப்படிப்பட்ட பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவர் பரிசோதனை செய்வார்? ஏற்கெனவே பெயர் தெரிந்த ஒன்றின் அடுத்த பாகத்தையோ மறுபதிப்பையோதான் செய்வார். கடந்த சில ஆண்டுகளாகக் கடைகளில் மறு உருவாக்கங்கள் வரிசைகட்டி நிற்பதற்குப் பழைமைப் பாசத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. கணக்கர்களின் பயமும் சேர்ந்தது. இயந்திரம் போட்ட வேலியைப் பிரித்த இடத்தில் பணம் வேலி போட்டிருக்கிறது. முந்தைய வேலி கற்பனையைக் கிளப்பியது. இது ஒரே மாதிரியான விளையாட்டுகளைக் கிளப்புகிறது: பரந்த நிலம், வரைபடம் நிறையக் குறிகள், கையில் ஒரு வில்.

மறு உருவாக்கங்களில் நல்லது இல்லாமலும் இல்லை. 2005இன் 'ரெசிடென்ட் ஈவில் 4'இல் துப்பாக்கியைக் குறிபார்த்துவிட்டால் கால் நகராது. எதிரி மெல்ல நெருங்குவான், நீங்கள் நின்ற இடத்தில் நின்று சுட வேண்டும், பதற்றமே அதில்தான். 2023இல் கேப்காம் அதை மறுபடி செய்தபோது, குறிபார்த்தபடியே நடக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்ததோடு நிற்காமல், எதிரிகளை வேகமாக்கி, சுற்றி வளைக்க வைத்து, கத்தியைத் தற்காப்புக்கும் பயன்படுத்த விட்டு, அந்தக் கத்தியும் தேயும்படி செய்தது. பழைய கட்டைப் பிரித்தவர்கள், அது எந்தக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பார்த்து வேறு தூண் நட்டிருக்கிறார்கள். 2021இன் சான் ஆண்ட்ரியாஸ் கூரை விழுந்ததற்குக் காரணம் இந்தக் கவனம் இல்லாததுதான்.

புதியவற்றின் இன்னொரு தொல்லை, அவை முடிந்த பொருளாகக் கைக்கு வருவதில்லை. கேசட்டில் எழுதியதைத் திருத்த முடியாது என்பதால், முடித்துவிட்டு எழுதினார்கள். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய கன்சோல்களில் அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மறுபடி சேர்த்தது. இன்று அது நல்ல விளையாட்டு. முதல் நாளே காசு கொடுத்தவர்கள்தான் அதற்குக் கூலி வாங்காத சோதனையாளர்களாக இருந்தார்கள். கேசட்டின் இடத்துக்கு வந்த அட்டையும் வெறும் சாவியாகிக்கொண்டிருக்கிறது: 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2க்கான சில அட்டைகளில் விளையாட்டே கிடையாது, அட்டையைச் செருகினால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும். என்றாவது அந்தக் கடையை மூடினால்? நின்டெண்டோவின் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறைப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதே ஆண்டு கணக்கெடுத்துச் சொன்னது. எங்கள் மஞ்சள் கேசட், திருட்டுச் சரக்கு என்றாலும், இன்னும் ஓடுகிறது.

சின்னக் குழுக்களுக்கு இந்த 22 கோடிப் பயம் இல்லை. 2014இன் 'ஷவல் நைட்' பார்க்க ஃபேமிகாம் விளையாட்டுபோலவே இருக்கும். ஆனால் மினுக்கல் கிடையாது, திரை அகலம், நிறங்கள் சில கூடுதல். அந்த இயந்திரத்தை அப்படியே நகலெடுக்காமல், அதைப் பற்றி நம் நினைவில் இருப்பதை நகலெடுத்திருக்கிறார்கள். 2022இல் ஹாம்பர்க்கிலிருந்து இரண்டே பேர் செய்த 'சிக்னாலிஸ்' முதல் பிளேஸ்டேஷனின் சொரசொரப்போடு, ஆட்டக்காரர் ஆறு பொருள்களுக்கு மேல் சுமக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. சாவியை வைத்துக்கொண்டு தோட்டாவை விடுவதா, தோட்டாவை வைத்துக்கொண்டு மருந்தை விடுவதா என்று நான் ஓர் அறையில் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன்.

நம் மொழி பேசும் வீடு ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. மறு ஆண்டு, பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் விளையாட்டு விருதைப் பெற்றது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் கிடக்கிறது. படிக்க முடியாத வரிகளை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்ற வரிதான் காணோம். முழுக் குறிப்பையும் தெளிவாகக் கொடுத்திருந்தால் அது ஒரு சமையல் நிகழ்ச்சி ஆகியிருக்கும். அந்த மைக்கறைக்கும் 1999இன் மூடுபனிக்கும் அதிக தூரம் இல்லை என்பது என் கணிப்பு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று குறைபட்டவர்கள் உண்டு. நான் இரண்டாவது முறையும் ஆடினேன்.

கடைசியாக டிவியைப் பற்றி. பழைய விளையாட்டுகளின் படம் பாதி டிவியில்தான் முடிந்தது. 1991இல் செகா மெகா டிரைவுக்கு வந்த 'சானிக்'கின் அருவி, கோடு விட்டுக் கோடு வரைந்த செங்குத்துப் பட்டைகள்தான். அன்றைய கேபிளும் குழாய் (பிக்சர் டியூப்) டிவியும் அந்தக் கோடுகளைக் குழப்பிவிட்டதால், பின்னால் இருப்பது தெரியும் கண்ணாடி நீராக மாறியது. இன்றைய கூர்மையான திரையில் வேலி அடித்ததுபோல் பட்டைகள் மட்டும் தெரிகின்றன.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பரணிலிருந்து அந்த டிவி கேமையும் பிளாஸ்டிக் துப்பாக்கியையும் இறக்கினேன். தட்டை டிவியின் பின்னால் வயரைச் செருகியதும் படம் வந்துவிட்டது. அக்காள் மகனுக்கு 'டக் ஹன்ட்' போட்டுக் கொடுத்தேன். 1984இன் விளையாட்டு, வாத்து பறக்கும், சுட வேண்டும், தப்பினால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரிக்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்க இருண்டு, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் உள்ள கண் பார்த்தால் வாத்து செத்தது. முதலில் இருட்டாக்குவது எதற்கென்றால், எங்களைப் போன்றவர்கள் குண்டு பல்பைக் குறிபார்த்துச் சுட்டு ஏமாற்றக்கூடாது என்பதற்காக. குழாய் டிவி அந்தக் கட்டத்தை அதே கணத்தில் வரைந்துவிடும். இந்த டிவியோ படத்தை வாங்கி, துலக்கி, அழகுபடுத்திக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.

பையன் திரையை முனை தொடும் அளவுக்கு நெருங்கி நின்று சுட்டான். நாய் சிரித்தது. "மாமா, துப்பாக்கி பழுதா?" என்றான். நான் வாங்கிச் சுட்டேன். நாய் மறுபடி சிரித்தது.